செம்பூர் லைனுக்கு ஒரு ஆள்

'பாம்... பாம்... பாஆஆம்!'

பரணில் தூங்கிக்கொண்டிருந்த ஹரியின் காதுக்கு அரை அடி தூரத்தில் ரப்பர் ஹாரன் அலறியது. துள்ளி எழுந்தவன் தகரக் கூரையில் தலையை இடித்துக்கொண்டான்.

"ஐயோ! ஏண்ணே, காது போச்சு!"

"போகட்டும்ல. இந்தச் சத்தத்துக்கு செம்பூரே எந்திரிக்கி. எங்கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான் எந்திரிக்க மாட்டேங்க."

ஏணியின் மேல்படியில் நின்றிருந்த பூலோகம் வலது கையில் ஹாரனையும் இடது கையில் அடிவயிற்றையும் அழுத்திப் பிடித்திருந்தான். கீழே அடுப்படியிலிருந்து அவன் மனைவி இசக்கிசெல்வியின் குரல் வந்தது.

"ஏங்க, ஏணியில ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? கீழ நின்னே அடிக்க வேண்டியதுதான?"

"கீழ நின்னா இவனுக்குக் கேக்காது."

"மேல நின்னாலும் கேக்காது. வேலைன்னா கொழுந்தனாருக்குக் காது அவுட்டு. சோறுன்னு சொல்லிப் பாருங்க, மாஹிம்ல நின்னாலும் கேக்கும்."

"மதினி, காலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களா? சலிச்சுப் போவுது, கன்டாலா வருது."

"கன்டாலா எனக்கு வரணும்டா. மூணு மணிக்கு எந்திரிச்சு நானூறு இட்லி ஊத்தியிருக்கேன். நீ எந்திரிச்சு அதை வித்துட்டு வந்தாப் போதும்."

தாராவியில் அந்தச் சந்து முழுக்க இட்லிதான் தொழில். விடிவதற்குள் ஊற்றி எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஆறு மணிக்கெல்லாம் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு லைன். பூலோகத்துடையது செம்பூர் லைன். பத்தொன்பது வருஷமாக அவன்தான் அதற்கு ராஜா. அடுத்தவன் லைனுக்குள் இன்னொருவன் ஹாரன் அடிக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு கெடு உண்டு. தொடர்ந்து மூன்று நாள் ஒரு லைனில் ஹாரன் சத்தம் கேட்காவிட்டால், நான்காம் நாள் அது பொது. யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

பூலோகத்துக்கோ குடலிறக்கம். மறுநாள் காலையில் ஆபரேஷன். மூன்று வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். செம்பூர் லைன் அவன் கையில் நிற்பதும் போவதும் இப்போது இருபத்து நாலு வயதுத் தம்பியின் கையில் இருந்தது. அந்தக் கையோ போர்வையைத் தேடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு நானும் கூட வாரேன். எங்க நிக்கணும், எங்க அடிக்கணும், எல்லாம் காட்டித் தாரேன். நாளையில இருந்து நீ தனி. புரியுதால?"

"எத்தன நாளு?"

"இருபத்தோரு நாளு."

"இருபத்தோரு நாளா!" என்று முனகியபடி ஹரி ஏணியில் இறங்கினான்.

"மனுஷன்னா ஒரு வேகம் வேணும்ல. நாலு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். படிச்சவன்தான நீ? ஐ.டி.ஐ. முடிச்சவன் இப்படியா குப்புறக் கெடப்பான்? ஏதாச்சும் ஒரு கம்பெனியில..."

'கம்பெனி' என்ற வார்த்தை வந்ததும் பூலோகத்தின் பேச்சு தானாக நின்றது. எப்போதுமே அந்த இடத்தில்தான் நிற்கும். தம்பிக்குப் புத்தி சொல்ல வாய் திறப்பான், பாதி தூரம் ஆவேசமாகப் போவான். அந்த வார்த்தை வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

இசக்கிசெல்வி திரும்பிப் பார்த்தாள். "என்ன, வயித்து வலியா?"

"ஆமா" என்றான் பூலோகம். வலி வயிற்றில் இல்லை.

ஹரி சைக்கிளில் போனான். பூலோகம் சயானில் பஸ் பிடித்துச் செம்பூர் திலக்நகரில் இறங்கினான். முதல் அடுக்குமாடி சொசைட்டி கேட்டின் முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஏதோ பேங்க் வாசலில் கடன் கேட்க வந்தவன் மாதிரி ஹரி நின்றுகொண்டிருந்தான். பாத்திரத்தின் மூடிகூடத் திறக்கவில்லை.

"எத்தன போச்சு?"

"ஒண்ணும் போகல."

"ஹாரன் அடிச்சியால?"

"அடிச்சா எல்லாரும் பாப்பாங்கண்ணே."

"பாக்கத்தானலே அடிக்கிறது!"

பூலோகம் ஹாரனைப் பிடுங்கி அடித்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அதுதான் அவன் கையெழுத்து. அந்தத் தாளம் கேட்டதும் மூன்று மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். செக்யூரிட்டி, 'அண்ணா, தோ பிளேட்' என்று நாற்காலியில் இருந்தபடியே இரண்டு விரலைக் காட்டினார். பூலோகம் சொல்லச் சொல்ல ஹரி இட்லியை எடுத்து வைத்துச் சட்னி ஊற்றினான். முதலில் சட்னி பிளேட்டுக்கு வெளியே சிந்தியது. பத்து பிளேட் தாண்டியதும் சிந்தவில்லை.

இரண்டாம் மாடியிலிருந்து கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் வாளி இறங்கியது. மேலே அகிலாண்டம் மாமி எட்டிப் பார்த்தாள். லைன் தொடங்கிய நாளிலிருந்து வாடிக்கை.

"பூலோகம், எட்டு இட்லி, சட்னி தனியா! யாருடா இது புது ஆளு?"

"எந் தம்பி மாமி. நாளையில இருந்து மூணு வாரம் இவன்தான் வருவான்."

"ஓ, அந்தத் தம்பியா! தூங்குமூஞ்சின்னு சொல்லுவியே, வேலைக்கே போகமாட்டேங்கறான்னு தலையில அடிச்சுப்பியே, அவனா? பாக்கறதுக்கு நன்னாத்தானே இருக்கான்?"

ஆட்டோக்காரர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் சிரித்தார். செக்யூரிட்டிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் தெரியும். 'சோனேவாலா பாய்?', அந்தத் தூங்குகிற தம்பியா என்று கேட்டு அவரும் சிரித்தார்.

ஹரி யாரையும் பார்க்கவில்லை. வாளிக்குள் எட்டு இட்லியை வைத்தான். வாளி மேலே போனதும், அண்ணனிடம் மெதுவாகக் கேட்டான்: "லைன் பூரா சொல்லி வச்சிருக்கியா?"

பூலோகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆமாம், சொல்லி வைத்திருக்கிறான். திலக்நகரில், அமர்மஹாலில், ஸ்டேஷன் பக்கத்தில், யார் குடும்பத்தை விசாரித்தாலும் தம்பியின் சோம்பேறித்தனத்தைத்தான் கதையாகச் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல அவன் மனசில் ஒரு பாரம் இறங்குகிற மாதிரி இருக்கும். தப்பு தம்பி மேல்தான் என்று ஊரே ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் நடந்தது அவனுக்குத்தான் தெரியும். நடந்த இடமும் இதே கேட்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்த ஹரி ஐரோலியில் ஒரு கம்பெனிக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தான். போனில் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் போனை லோக்கல் ட்ரெயினில் எவனோ அடித்துவிட்டதால், ஃபாரத்தில் அண்ணன் நம்பரைக் கொடுத்திருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. ஒரு பெண் குரல் இந்தியில் பேசியது. நாளை மதியம் இரண்டு மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு ஹரி வந்து சேர வேண்டும், வராவிட்டால் லிஸ்டில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொன்னது. பூலோகம் 'ஜி மேடம், ஜி மேடம்' என்றான். சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரருக்கு இரண்டு இட்லி சும்மா கொடுத்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் யோசனை வந்தது. மாவாட்டிக்கொண்டிருந்த ஆள் ஊரில் கோயில் கொடைக்குப் போனவன் போனவன்தான். ஒரு மாசமாக அரைப்பதும் அள்ளுவதும் ஹரிதான். இவனும் ஐரோலிக்குப் போய்விட்டால் நாளைக்கு மாவுக்கு ஆள் ஏது? சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாயங்காலம், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். போனில் அந்த நம்பரை மட்டும் தேடி எடுத்து அழித்தான்.

மறந்துபோச்சு என்று தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். மறக்கவில்லை. புதன்கிழமை லைன் முடிந்து பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோதும் ஞாபகம் இருந்தது. ஹரி அன்றைக்கு என்னவோ இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கல கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லண்ணே. சும்மா."

"அப்ப சட்டையக் கழட்டிப் போட்டுட்டு உளுந்தக் களைஞ்சு போடு."

ஹரி உடனே எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உளுந்து டப்பாவைத் திறந்தான்.

அடுத்த பத்து நாளும் அண்ணன் லைனிலிருந்து திரும்பியதும் ஒரே கேள்விதான். 'போன் ஏதும் வந்துச்சாண்ணே?' பூலோகம் தினமும் 'இல்லையே' என்றான். பதினோராம் நாள் ஹரி கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதையுமே கேட்கவில்லை. வேறு வேலைக்கு எழுதிப் போடச் சொன்னால், 'எழுதி என்ன ஆகப் போவுது' என்பான். பரணுக்கு ஏறியவன் இறங்கவே இல்லை. மாவாட்டக்கூட! அதற்கும் அடுத்த மாசமே கிரைண்டரும் ஆளும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அண்ணே, அடுத்த கேட்டுக்குப் போலாமா?"

பூலோகம் திடுக்கிட்டுத் திரும்பினான். ஹரி பாத்திரத்தை மூடிக் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தயாராக நின்றான்.

இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் நாளைக்கு இவன் வருவானா? வரமாட்டான். எந்தத் தம்பி வருவான்? மூன்று நாள், அதோடு லைன் போயிற்று. இருபத்தோரு நாள் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். பூலோகத்துக்குத் தன் யோசனையே காதில் கேட்டது. அன்றைக்கும் ஆள் வேண்டும் என்றுதானே சொல்லவில்லை? இன்றைக்கும் அதே கணக்கு. நாலு வருஷத்தில் தம்பி மாறிவிட்டான். மாறாதவன் அண்ணன்தான்.

அடுத்த கேட்டில் ஹரி தானாகவே ஹாரனை எடுத்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அண்ணன் கையைவிடச் சுத்தமாக விழுந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் காலி. நானூறில் ஏழு இட்லிதான் மிச்சம். அதையும் ஹரி வீட்டுக்கு வந்ததும் சட்னியில் புரட்டிச் சாப்பிட்டுவிட்டான்.

"பரவாயில்லையே கொழுந்தனாரே! காலும் கையும் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள் இசக்கிசெல்வி. ஆஸ்பத்திரிக்குச் சோப்பும் துண்டும் பிளாஸ்கும் வாங்க அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். போகிற போக்கில், "உங்க போன அவன்ட்டக் குடுங்க. நாளைக்கு ஆர்டர் அதுலதான வரும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆர்டர்களெல்லாம் போனில்தான் வரும். பூஜைக்கு நூறு, ஆபீஸ் மீட்டிங்குக்கு ஐம்பது என்று லைனில் நிற்கும்போதே கூப்பிடுவார்கள். கையெல்லாம் சட்னி, எழுதி வைக்க முடியாது. அதற்காக ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே ஹரிதான் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். வருகிற போனெல்லாம் தானாகப் பதிவாகும். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, நாளைக்கு எவ்வளவு அரிசி நனைப்பது என்று முடிவு செய்வார்கள்.

ஹரி தரையில் உட்கார்ந்து போனைத் தட்டினான்.

"என்னண்ணே, இவ்வளவு ஸ்லோவா இருக்கு? அடேயப்பா... பழைய ரெக்கார்டிங் பூரா அப்படியே கெடக்கு. நாலஞ்சு வருஷத்துது இருக்கும் போல. போன மாத்துனப்போ மெமரி கார்டோட இதுக்கு வந்துட்டு."

பூலோகம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வயிறு சுரீர் என்றது.

"அதெல்லாம்... நான் அப்பப்ப அழிச்சிருவேனே."

"நீ நம்பரத்தான் அழிச்சிருப்ப. லிஸ்ட்ல அழிச்சா ரெக்கார்டிங் போகாதுண்ணே. அது தனியா கெடக்கும்."

ஹரி தலை நிமிராமல் கேட்டான்:

"மொத்தமா அழிச்சிரவா? ஒரே அமுக்குதான். எல்லாம் போயிரும்."

ஒரே அமுக்கு. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் குரல், அந்த 'ஜி மேடம்', அந்தப் புதன்கிழமை, எதற்கும் சாட்சி இருக்காது. லைனும் நிற்கும். தம்பி கிளம்பிவிட்டான், இன்றைக்கே பாத்திரம் காலி, நாளைக்கும் போவான். பூலோகத்தின் உதட்டில் 'ச' வந்துவிட்டது.

ஹரியின் கட்டைவிரல் போனுக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது. விரல் நுனியில் இட்லிப் பாத்திரம் சுட்ட சிவப்பு. அதைப் பார்த்தான் பூலோகம்.

"இரு. அழிக்காத."

"ஏன்?"

"அதுல ஒண்ணு... நீ கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குல." பூலோகத்துக்கு மூச்சு வாங்கியது. "அந்த ஐரோலி கம்பெனிக்காரங்க போன் பண்ணாங்க ஹரி. லைன்ல நிக்கும்போது. மறுநா ரெண்டு மணிக்குள்ள சர்டிபிகேட்டோட வரச் சொன்னாங்க. நான்தான் உங்கிட்ட சொல்லல."

ஹரி போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

"மறந்துட்டேன்னு சொன்னா அது பொய்யி. மாவாட்ட ஆளு இல்லன்னு... ஒரு நாளு, ரெண்டு நாளுன்னு பாத்தேன். உன்ன நான்தான் பரண்ல ஏத்துனேன். ஏத்திவிட்டுட்டு, எறங்கு எறங்குன்னு ஹாரன் அடிச்சுட்டு இருக்கேன். ஊர் பூரா உன்னச் சோம்பேறின்னு சொல்லி வச்சேன். நாளைக்கு நீ லைனுக்குப் போகாட்டிப் பரவாயில்லல. போனாப் போகட்டும் அந்த லைனு. என்ன நாலு வார்த்த ஏசிரு. அது போதும்."

கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி மீசையை நனைத்தது. பத்தொன்பது வருஷம் ஹாரன் அடித்த கை, முகத்தைத் துடைக்கத் தெரியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஹரி எழுந்தான். போனைச் சார்ஜரில் செருகினான். மூலையில் கிடந்த ஹாரனை எடுத்து வாசலுக்குப் போய், நிறுத்தியிருந்த சைக்கிளின் ஹேண்டிலில் மாட்டினான். ஆடாமல் இருக்க ஸ்க்ரூவை நன்றாகத் திருகினான். பிறகு அண்ணனுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னான்:

"போன் வந்த அன்னைக்கு, நீ குளிக்கப் போனப்பவே அந்த ரெக்கார்டிங்கக் கேட்டுட்டேண்ணே... மறுநா பன்னெண்டு மணி வரைக்கும் நீலச் சட்டையோட படியில உக்காந்திருந்தது, 'போயிட்டு வால'ன்னு உன் வாயால சொல்லிருவன்னுதான்."